கண்ணாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தவள்

எழுத உட்கார்ந்தால் கை ஒரு பக்கம் போகிறது, ஞாபகம் ஒரு பக்கம் போகிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று தெரியாது. பத்திரிகைக்காரர்கள்தான் பொறுமையாகத் திருத்திக்கொள்கிறார்கள். போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதில் வண்டி மாட்டின் நிறத்தையே மாற்றி எழுதிவிட்டாயே என்று என் பெண் சிரிக்கிறாள். வாசிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் இந்த வாரம் சொல்லப்போவது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெருமை பேசிப் பழக்கம் இல்லாததால், எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

வைக்கோலுக்குள் கண்ணாடி

ஒரு தை மாதக் காலையில் எங்கள் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றது. உத்திரமேரூரிலிருந்து இரண்டு கல் உள்ளே இருக்கிற ஊர் எங்களுடையது. உர மூட்டை இறக்க வருகிற லாரியைத் தவிர வேறு லாரி வந்ததில்லை. முன் சீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் குதித்தார். பின்னால் இரும்புச் சட்டங்கள், இரண்டு உடைந்த பிரம்பு நாற்காலிகள், பிறகு வைக்கோல், வைக்கோல், வைக்கோல். பிரிக்கப் பிரிக்க உள்ளேயிருந்து கண்ணாடி வந்துகொண்டே இருந்தது.

அவர் மெட்ராஸில் ஒரு பெரிய பங்களாவில் பத்தொன்பது வருஷம் தோட்ட மேஸ்திரியாக இருந்தார். சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். அந்தப் பங்களாவில் செடிகளுக்கென்றே ஒரு கண்ணாடி அறை உண்டு. பங்களாவை விற்று இடிக்கப்போகிறார்கள் என்று ஆனதும் வீட்டு அம்மா இவரைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். வேறு யாராவது இருந்தால் கட்டில் கேட்டிருப்பார்கள், பீரோ கேட்டிருப்பார்கள். இவர் அந்தக் கண்ணாடி அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வேலையும் போய்விட்டது. பத்தொன்பது வருஷத்துக்குக் கையில் வந்தது அதுதான்.

பெரியவர் களத்திலிருந்து வந்து பார்த்தார். பெரியவர் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். வீடு, நிலம் எல்லாம் இரண்டு பேருக்கும் பொது. ஆனால் முடிவு சொல்வது அவர்தான்.

"இன்னாடா இது? சினிமா கொட்டாய் கட்டப் போறியா?"

"செடி வெக்கண்ணா. மெட்ராஸ்ல பெரிய மனுசங்க வூட்ல எல்லாம் இப்டித்தான் கீது."

"செடி வெக்க மண்ணு போதாதா? நம்ம ஊர்ல மண்ணுக்குக் கூடவா பஞ்சம் வந்துட்ச்சி?"

லாரியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு மேற்குப் பக்கம் பழைய மாட்டுக் கொட்டகை விழுந்து கிடந்த இடத்தைக் காட்டி, அங்கே வைத்துக்கொள்கிறேன் என்றார். பெரியவர் அந்த இடத்தில் நெல் குடோன் கட்ட நினைத்திருந்தார். பழைய கூடம் ஒழுகி, அந்த வருஷம் நாலு மூட்டை முளைத்துப் போயிருந்தது.

கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: "அடுத்த அறுப்பு வரிக்கும் உடறேன். அதுக்குள்ள இது வூட்டுக்கு ஆவுற பொருளா தெரியணும். இல்லன்னா பிரிச்சிப் போட்டுட்டு குடோன் கட்டிடுவேன். அப்புறம் அண்ணன் அப்டி பண்ட்டான், இப்டி பண்ட்டான்னு சொல்லக்கூடாது."

கன்றுக்குட்டியிடம் பேசியது

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். புருஷனின் அண்ணனை எங்கள் பக்கத்தில் மூத்தார் என்போம். வீட்டுக்கு வந்த பெண் மூத்தார் எதிரில் நிற்கக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது. அவரும் அப்படித்தான், நான் நடையில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது கோபமில்லை, மரியாதை. ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று, பிள்ளைகளிடம் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் வீட்டில் பிள்ளைகள் யாரும் இல்லை. பெரியவர் முற்றத்தில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருக்கிறார். கட்டறுத்த கன்று விதை நெல்லில் வாயை வைத்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஏ கன்னுக்குட்டி, வெத நெல்லு மேல வாய வெக்காத, மாமா பாத்தா ஒத வுழும்" என்று கத்தினேன். பெரியவர் சோப்பு நுரை முகத்தோடு ஓடினார்.

அந்தத் தை மாதத்தில் எனக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அவர் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை. இயற்கையிலேயே நான் கூச்சக்காரி வேறு. அதனால் அந்த வழக்கம் எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

உறியில் தொங்கிய பெரணி

அறையை நிறுத்த ஒரு மாதம் ஆனது. இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேலே சுற்றிலும் கண்ணாடி, கூரையும் சாய்ந்த கண்ணாடி. பத்துப் பேர் நெருக்காமல் உட்காரலாம்.

என் அப்பா வீட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியாக ஒரு தட்டு அகலத்துக்கு வெயில் விழும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்த வெளிச்சம் நகர நகர, பாடப் புத்தகத்தையும் நகர்த்திக்கொண்டு போவேன். அது சுவரில் ஏறிவிட்டால் என் படிப்பும் முடிந்தது. அப்படி வளர்ந்தவளுக்கு, நாலு பக்கமும் வெளிச்சம் என்றால் எப்படி இருக்கும்! முதல் நாள் உள்ளே போய் நின்றபோது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஊரே பார்க்கிற மாதிரி இருந்தது.

கட்டியது அவர். உள்ளே அழகு பண்ணியது நான்.

தரைக்குச் சிவப்புச் சிமெண்டு போட்டோம். தினம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தேன். பத்து நாளில் முகம் தெரிந்தது. மூக்கு உடைந்த ஊறுகாய் ஜாடிகள், வாய் போன குடங்கள், மண்ணெண்ணெய் டின்கள் எல்லாம் தொட்டியாயின. டின்களுக்குப் பச்சை வர்ணம் அடித்தேன். விழுந்த கொட்டகையின் கல்தூண்களைப் படிப்படியாக அடுக்கி, குரோட்டன்ஸ் தொட்டிகளை உயரப்படி நிறுத்தினேன். பின்வரிசையில் இருப்பதும் முகம் காட்ட வேண்டும் அல்லவா?

பெரணி என்கிற பூக்காத இலைச்செடியைத் தொங்கவிடச் சங்கிலி வேண்டும் என்று இவர் அலைந்தார். நான் பரண்மேல் கிடந்த மோர் உறிகளை எடுத்துவந்தேன். தேங்காய் மட்டையில் பெரணியை வைத்து, உறியில் உட்காரவைத்து, இரும்புச் சட்டத்தில் மாட்டினேன். பார்த்துவிட்டு, "மெட்ராஸ்ல கூட இது இல்லம்மே" என்றார். அவர் வாயிலிருந்து மெட்ராஸை விட ஒன்று நன்றாக இருக்கிறது என்று வந்தது அன்றைக்குத்தான்.

பிரம்பு போன அந்த இரண்டு நாற்காலிகள் இருந்தனவே, அவற்றுக்கு நான் பிளாஸ்டிக் வயரில் பின்னினேன். அப்போது ஊரெல்லாம் வயர்க் கூடை பின்னுகிற பைத்தியம். கூடைப் பின்னலையே நாற்காலிக்குப் போட்டேன், பச்சையும் வெள்ளையுமாக, நடுவில் ஒரு நட்சத்திரம். கை விரலெல்லாம் கோடு கோடாக அறுத்துக்கொண்டது. பின்னி முடித்ததும் யாரும் இல்லாத நேரம் பார்த்து நானே முதலில் உட்கார்ந்து பார்த்தேன். என் ஆயுளில் கை வைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

சித்திரை வெயில்

பங்குனி கடைசியிலேயே இலைகள் ஓரம் சிவந்தன. சித்திரையில் பாதி அறை கருகிவிட்டது.

தப்பு எங்கே என்றால், மெட்ராஸ் பங்களாவில் அந்த அறைக்கு மேலே பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டு இருந்தன. பக்கத்தில் கடல் காற்று. கதவைச் சாத்தி வைத்தால்தான் ஈரம் நிற்கும் என்று அங்கே பழகினவர், இங்கே மேற்கு வெயிலிலும் கதவைச் சாத்தியே வைத்தார். மரத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷம் தலைக்குமேலே இருந்தது கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அந்த வெப்பத்தில் சந்தோஷப்பட்டவள் ஒருத்திதான். என் ஓர்ப்படி, அதாவது பெரியவரின் மனைவி தனபாக்கியம் அக்கா. வாயும் பெரிசு, மனசும் பெரிசு. ஒருநாள் நான் கிணற்றடியிலிருந்து வருவதற்குள் அறை முழுக்கப் பாய் விரித்து வடகம் பிழிந்து வைத்திருந்தாள்.

"காக்கா இல்ல, ஆடு இல்ல, மண்ணு இல்ல. ஒரே நாள்ல கலகலன்னு காஞ்சிட்ச்சிடி! இப்பதான் உன் வூட்டுக்காரரு உருப்படியா ஒண்ணு பண்ணிக்கீறாரு."

மறுநாள் மிளகாய் வந்தது. மூன்றாம் நாள் தெருவே முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. இவர் உள்ளே போய் மூன்று தும்மல் போட்டுவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர்தான். அப்புறம் உள்ளே போகவில்லை.

"அண்ணன் சொன்னது சரிதாம்மே. பிரிச்சிக் குடுத்துடறேன். மொளகா காய வெக்கறதுக்கா நான் பத்தொம்பது வருசம் ஒயச்சேன்?"

அவர் சாப்பிட்ட தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

ஒரு துளி சுண்ணாம்பு

செத்த தொட்டிகளை எடுத்துப்போடப் போனேன். ஒரு குரோட்டன்ஸ் செடியில் எல்லா இலையும் பொசுங்கியிருக்க, நடுவில் இரண்டு இலை மட்டும் பசேலென்று இருந்தன. ஏன் என்று அண்ணாந்து பார்த்தேன். கூரைக் கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தபோது தெறித்த சுண்ணாம்பு. அதன் நிழல் அந்த இரண்டு இலைமேல் விழுந்திருந்தது.

யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, ஒட்டிக்கொள்ள வடித்த கஞ்சி ஊற்றி, மட்டையை நசுக்கிச் செய்த தூரிகையோடு ஏணியில் ஏறினேன். கூரைக்கும் மேற்குப் பக்கத்துக்கும் மெல்லிசாக ஒரு பூச்சு. கதவைத் திறந்துவிட்டேன். தரையில் சாக்கு விரித்து, காலையும் மாலையும் நனைத்தேன். மீன் கழுவின தண்ணீரையும் ஊறவைத்த பிண்ணாக்குத் தண்ணீரையும் மாற்றி மாற்றி ஊற்றினேன்.

தெருவில் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்தவள் என்று எனக்குப் பேரே வைத்துவிட்டார்கள். அக்காவுக்குக் கோபம்.

"ஏண்டி, வெயிலுக்குப் போய் முக்காடு போட்டுட்டியே! என் வடகம் இன்னா ஆவறது?"

"கெயக்கு ஓரமா கூரைல ரெண்டு கண்ணாடி உட்டு வெச்சிக்கீறேங்கா. அங்க காய வெச்சிக்கோ. மொளகா மட்டும் வாணாம்."

"அப்பளம்?"

"அப்பளம் வெச்சிக்கோ."

ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

ஆனி மாதம் முதல் துளிர் வந்தது. வேப்பமரத்தடியிலிருந்து எங்கள் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார். மண்ணைக் கிளறும் கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ஐப்பசி மழை அடிக்க அடிக்கச் சுண்ணாம்பு தானாகவே கரைந்து போய்விட்டது. வெயில் வேண்டாத மாதத்தில் மறைத்தது, வெளிச்சம் வேண்டிய மாதத்தில் விலகிக்கொண்டது. கண்ணாடி கழுவி வைத்தாற்போல ஆகி, உள்ளே இருந்ததெல்லாம் மினுமினுத்தது. உறியில் இருந்த பெரணிகள் இரண்டு முழம் கீழே இறங்கியிருந்தன.

பின்னால் என்று ஒன்று இல்லாத அறை

ஆனால் கெடு நெருங்கிவிட்டது. தை வந்தால் அறுப்பு. அதற்குள் குடோன் எழும்ப வேண்டும். பெரியவர் கொத்தனாரிடம் பேசிவிட்டார் என்று அக்கா வந்து சொன்னாள். பெரிய விஷயம் எதுவானாலும் பங்காளிகளை வைத்துப் பேசி முடிப்பது எங்கள் வழக்கம். வேதாசலம் மாமா என்று ஒரு பங்காளி. அவரும் இன்னொருவரும் ஒரு சாயங்காலம் வந்தார்கள்.

நல்ல மழை. வழக்கமாக உட்காருகிற முற்றத்தில் தண்ணீர். கூடம் ஒழுகுகிறது. வேறு வழியில்லாமல் எல்லாரும் கண்ணாடி அறைக்குள் போனார்கள். வேதாசலம் மாமா ஒரு நாற்காலியிலும் பெரியவர் ஒரு நாற்காலியிலும், மற்றவர்கள் தரையிலும் உட்கார்ந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம். இவர் பல்பைப் போட்டார்.

நான் டீ எடுத்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் திக்கென்றது. டீயைக் கொடுத்துவிட்டு எங்கே போய் நிற்பது? கூடமாக இருந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பேன். இந்த அறைக்குப் பின்பக்கம் என்று ஒன்றே இல்லை. வெளியே நின்றால் மழை. உள்ளே எங்கே நின்றாலும் தெரியும். ஒரு பெரணி உறிக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன். அது என் முகத்தில் பாதியைத்தான் மறைத்தது.

பெரியவர் பேசினார். "நெல்லு நனையுது. மூட்ட அடுக்க எடம் இல்ல. நான் அப்பவே சொல்லிட்டுதான் உட்டேன்."

"நாயம்தான்" என்ற வேதாசலம் மாமா இவரைப் பார்த்தார். "நீ இன்னாப்பா சொல்ற?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் சொன்ன பிரகாரம் பண்ணட்டும்" என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது. இன்னும் ஒரு வார்த்தை பேசாவிட்டால் காலையில் சட்டத்தைக் கழற்றுவார்கள். பக்கத்தில் பிள்ளைகள் இல்லை, கன்றுக்குட்டி இல்லை.

"பிரிக்காதீங்க மாமா" என்றேன் பெரியவரிடம்.

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. வேதாசலம் மாமா, நாலடி தூரத்தில் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆரு பேசறது?" என்றார். எனக்குப் பின்னாலேயே வந்திருந்த அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

பெரியவர் வழக்கம்போல மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் திருப்பின பக்கம் கண்ணாடி. வெளியே இருட்டு, உள்ளே பல்பு. கண்ணாடிக்குள் அவர் முகமும் என் முகமும் எதிரெதிரே நின்றன. வேறு பக்கம் திரும்பினால் அங்கேயும் கண்ணாடிதான். அவருடைய புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் கண்ணாடியைப் பார்த்தே சொன்னேன். "பத்தொம்பது வருசத்துக்கு இவரு கொண்டாந்தது இது ஒண்ணுதான் மாமா. சித்திரைல கருகிப் போச்சி. நான்தான் பொயக்க வெச்சேன். பிரிச்சா கண்ணாடி ஒடஞ்சிடும். மறுபடி நிக்காது."

பெரியவர் நாற்காலிப் பின்னலை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். பிறகு தம்பியிடம் கேட்டார்:

"சுண்ணாம்பு அடிச்சது ஆரு யோசன?"

"அவதாண்ணா."

"நாக்காலி?"

"அதுவும் அவதான்."

அப்புறம் பெரியவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, பதினாலு வருஷத்தில் முதல்முறையாக என்னிடம் நேராகக் கேட்டார்:

"ஏம்மா, இதுக்கு மேக்கால வைக்கப்போர் கீதே, அத்தக் களத்துக்குத் தள்ளிட்டு அங்க குடோன் போட்டா உன் செடிக்கு வெயில் மறையுமா?"

நான் யோசித்துத்தான் சொன்னேன். "மறைக்கட்டும் மாமா. மேக்கு வெயில்தான் சுடுது. கெயக்கு வெளிச்சம் போதும்."

"அப்ப சரி" என்றார். டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப் போயிருக்கும். "டேய், நாளைக்கே போரைப் பிரி."

குடோன் எழுந்தது. சித்திரை வெயிலைச் சுவராக நின்று அது தாங்கிக்கொண்டது. அடுத்த கோடையில் கூரைக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தால் போதுமாக இருந்தது. சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுத்தது பெரியவர்.

இதை வாசிக்கிறவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் இருந்தால் ஓர் உதவி செய்யுங்கள். அது ஐப்பசியா கார்த்திகையா, உடன் வந்த இன்னொரு பங்காளி யார், பெரணி இரண்டு முழம் இருந்ததா மூன்றா என்பதெல்லாம் எனக்குத் திடமில்லை. தனபாக்கியம் அக்கா இப்போது வாலாஜாபாத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். யாராவது இதை அவளுக்குப் படித்துக்காட்டி, தப்பாக இருந்தால் திருத்தி அனுப்புங்கள். எதைத் திருத்தினாலும் ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு நான் பேசவில்லை என்று மட்டும் அவள் சொன்னால், அதை எழுதிக்கொள்ளாதீர்கள்.